ஆச்சியின் முகத்துக்கு எத்தனை கோடு?

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். தான் மதிக்கும் பன்னிரண்டு பெண்களை டிஜிட்டல் கோட்டோவியமாக வரைந்து, அடுத்த வருடத்துக்கு மாதக் காலண்டராக அச்சடிக்க ஆசையாம். முத்துலட்சுமி ரெட்டி, கே. பி. சுந்தராம்பாள், எம். எஸ். சுப்புலட்சுமி, மனோரமா, வேலு நாச்சியார் எல்லோரும் பட்டியலில் இருக்கிறார்கள். டிசம்பருக்கு அவருடைய சொந்த ஆயா, அதாவது பாட்டி. "போட்டோவை அடியில் வைத்து அப்படியே கோடு இழுக்கிறேன், ஆனாலும் ஆள் வரமாட்டேன் என்கிறது. எந்தக் கருவி வாங்கினால் சரியாகும்?" என்பதுதான் கேள்வி.

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் பிழைப்பு. மணமக்கள் முகத்தைக் கோட்டோவியமாகப் போடச் சொல்லி வருகிறவர்கள் இப்போது அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அப்படியே கோடு இழுப்பதால்தான் ஆள் வரவில்லை. கருவியில் கோளாறு இல்லை.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஐபேட் இருந்தால் ப்ரோகிரியேட். ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. கணினிதான் என்றால் கிரிட்டா, இங்க்ஸ்கேப் இரண்டுமே இலவசம், கூடச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு பென் டேப்லெட். போன் மட்டும்தான் இருக்கிறதென்றால் ஐபிஸ் பெயிண்ட் போதும், விரலாலேயே வரையலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். இவற்றில் இங்க்ஸ்கேப் மட்டும் வெக்டர் வகை. கோட்டைப் புள்ளிகளாக இல்லாமல் கணக்காக வைத்துக்கொள்ளும், சுவரளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. மற்றவை பிக்சலில் வேலை செய்பவை. அவற்றில் வரைவதானால் முதலிலேயே தாளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏ3 காலண்டருக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3508-க்கு 4961 பிக்சல். சின்னதாக வரைந்துவிட்டு அப்புறம் இழுத்துப் பெரிதாக்கினால் கோட்டின் ஓரமெல்லாம் கரையான் அரித்த மாதிரி இருக்கும்.

சரி, கோட்டுக்கு வருவோம்.

உங்கள் வீட்டில் பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, அதை அமுக்க அமுக்க மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். அமுக்கினால் இழை தடிக்கும், விட்டால் மெலியும். கை தெரிந்த ஆச்சி ஒருவர் போட்ட இழையில் தொடக்கம் எது, திருப்பம் எது என்று பார்த்தாலே தெரியும். டிஜிட்டல் பேனாவின் அழுத்தமும் இதே வேலையைத்தான் செய்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடிமன் உள்ள பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கண்ணிமை, தாடை, சேலைக் கரை எல்லாவற்றையும் ஒரே கனத்தில் போடுகிறார்கள். அப்போது பார்க்கிறவர் கண்ணுக்கு எது முக்கியம் என்று தெரியாது. முகம் ஒரு வரைபடம் மாதிரி ஆகிவிடும்.

என் கணக்கு இது. மேல் இமைக் கோடுதான் முகத்திலேயே கனமானது. அடுத்தது இரண்டு உதடும் சேரும் நடுக்கோடு. மூன்றாவது மூக்குத் துவாரத்தின் நிழல். இந்த மூன்றும் சரியாக விழுந்தால் ஆள் பாதி வந்தாயிற்று. கீழ் இமை மெலிதாக, இரண்டு இடத்தில் விட்டு விட்டு வந்தால் போதும். மூக்குத் தண்டை வரையவே வேண்டாம். நெற்றியிலிருந்து நுனிவரை ஒரு கோடு இழுத்தீர்களோ, மூக்கு தனியாகச் செய்து ஒட்டவைத்தது போல் நிற்கும். உதட்டின் வெளிவிளிம்பைச் சுற்றி வளைத்தாலும் அப்படித்தான், சாயம் பூசிய மாதிரி ஆகிவிடும். நடுக்கோடும் கீழுதட்டுக்கு அடியில் ஒரு சின்ன நிழலும் போதும். சிரிக்கும் முகமென்றால் பல்லை ஒவ்வொன்றாகப் பிரிக்காதீர்கள், மொத்தமாக வெள்ளையாக விடுங்கள். தலைமுடியையும் இழை இழையாக வேண்டாம். வகிடு, காதோரம் பிரியும் இரண்டு மூன்று முடி, கொண்டையின் வெளிவளைவு, அவ்வளவுதான். மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி எல்லாச் செயலியிலும் இருக்கிறது. கிரிட்டாவில் ஸ்டெபிலைசர், ப்ரோகிரியேட்டில் ஸ்ட்ரீம்லைன். முந்தானை, தோள், கொண்டை போன்ற நீண்ட கோடுகளுக்கு அதை ஏற்றி வையுங்கள். கண்ணுக்கும் வாய்க்கும் வரும்போது இறக்கிவிடுங்கள். ஏற்றியே வைத்திருந்தால் இமையின் சின்னத் திருப்பமெல்லாம் வழுக்கிப் போய், பன்னிரண்டு பேருக்கும் ஒரே கண் வந்து நிற்கும்.

போட்டோவை அடியில் வைப்பது தப்பில்லை. வைக்கும் விதம் ஒன்று இருக்கிறது. அதன் அடர்த்தியை 25 சதவீதத்துக்குக் குறைத்து அடி லேயரில் வையுங்கள் (லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் மாதிரி). அதற்கு மேல் ஒரு லேயரில் சிவப்பு நிறத்தில் தாராளமாகக் கிறுக்குங்கள். கண் எங்கே, வாய் எங்கே என்ற அளவு மட்டும் அதில் கிடைத்தால் போதும். அப்புறம் போட்டோவை மூடிவிட்டு, சிவப்புக் கிறுக்கலை மட்டும் பார்த்து மூன்றாவது லேயரில் கறுப்பில் போடுங்கள். போட்டோ தெரிந்துகொண்டே இருந்தால் கை அதிலிருக்கும் ஒவ்வொரு விளிம்பையும் பிடிக்கப் போகும். எதை விடுவது என்று முடிவெடுக்கவே விடாது. நடுவில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், கோணல் உடனே தெரியும். தபால்தலை அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். அந்த அளவிலும் ஆளைத் தெரிந்தால் அந்தப் படம் தேறிவிட்டது.

போட்டோவைக் கொடுத்தால் ஒரே நொடியில் கோட்டோவியமாக்கித் தரும் செயலிகளும் இருக்கின்றன. இங்க்ஸ்கேப்பிலேயே அதற்கு ஒரு வசதி உண்டு. அதற்குக் கண்ணும் ஒன்றுதான், கண்டாங்கிச் சேலையின் கட்டமும் ஒன்றுதான். எங்கே கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிறதோ அங்கே கோடு போடும். சேலைக் கட்டம் முகத்தைத் தின்றுவிடும். கண்டாங்கி கட்டியவரைக் கையால் வரையும்போதும் கட்டத்தைத் தோள் மடிப்பில் ஓரிடத்தில் மட்டும் காட்டிவிட்டு நிறுத்துங்கள். கரையின் அகலம் தெரிந்தாலே நம் பக்கத்து ஆட்கள் கண்டாங்கி என்று சொல்லிவிடுவார்கள்.

நான் முதன்முதலில் ஒழுங்காக வரைய உட்கார்ந்தது என் அப்பத்தாவை. பத்திரிகை வேலைப் பழக்கத்தில், அழகாக இருக்கட்டும் என்று நெற்றிச் சுருக்கம், கன்னக்குழி, வாயோரக் கோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது, உங்க ஆபீஸ் பொண்ணா?" என்றார். அன்று ராத்திரியே மறுபடி உட்கார்ந்தேன். ஒன்றே ஒன்றைத்தான் சேர்த்தேன். தண்டட்டி போட்டுப் போட்டுத் தோள்வரை இறங்கிவிட்ட காது, அதில் நகை இல்லாத வெறும் ஓட்டை. மறுநாள் அத்தை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொருவரிடமும் அந்தக் காது எது என்று தேடுங்கள். அழகான இடத்தை விட்டுவிட்டு, அவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லாத இடத்தைப் பிடியுங்கள். வயதைக் காட்டும் கோடுகளில் ஓர் எச்சரிக்கை மட்டும். மூக்கிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் கோட்டை முழுநீளத்துக்கும் ஒரே கனத்தில் போட்டால் முகத்துக்கு இருபது வயது கூடிவிடும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், நடுவில் விட்டுவிடுங்கள்.

பழைய போட்டோக்களை வைத்து வரையும்போது வேறு சில பொறிகள் இருக்கின்றன. இதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மேலேயே பென்சிலால் முகத்தைத் திருத்துவார்கள். முகத்துச் சுருக்கமும் தழும்பும் அப்போதே அழிக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் பெரியவர்கள் படங்களில் கன்னமெல்லாம் மெழுகு மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கன்னத்தை நம்பி வரையாதீர்கள். இரண்டாவது, 1920-கள் வரைக்கும் பரவலாக இருந்த பிலிம் சிவப்பு நிறத்தை உணராது. சிவப்பெல்லாம் கறுப்பாக விழும். குங்குமம் கரிப்பொட்டு போல இருக்கும், உதடு இருண்டிருக்கும், தோல் நிறமும் உள்ளதைவிடக் கறுத்திருக்கும். உதடு கறுப்பாக இருக்கிறதே என்று அதை நிரப்பிவிடாதீர்கள். மூன்றாவது, நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்த படங்களும், இணையத்தில் யாரோ இடவலமாகப் புரட்டிப் போட்ட படங்களும் நிறைய. முந்தானை எந்தத் தோளில், ஒற்றை மூக்குத்தி எந்தப் பக்கம், மரு எங்கே என்று நாலைந்து படங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரே படத்தை மட்டும் வைத்து வரையவே கூடாது என்பேன். உரிமைப் பிரச்சினையும் இருக்கிறது. போட்டோ எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் உரிமை உண்டு என்பது இன்றைய சட்டம். ஒரு படத்தை வரிக்கு வரி நகலெடுத்துக் காலண்டராக விற்பதைவிட, பல படங்களைப் பார்த்து முகத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு, நீங்களே ஒரு கோணத்தில் உட்காரவைத்து வரைவது எல்லா வகையிலும் மேல்.

இனி உங்கள் பட்டியல். முத்துலட்சுமி ரெட்டியை எந்த வயதில் வரையப்போகிறீர்கள்? பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போய்த் துணைத்தலைவரானது 1927-ல், அப்போது வயது நாற்பதை ஒட்டி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய 1954-ல் அறுபத்தெட்டை நெருங்கிவிட்டார். பட்டம் வாங்கிய மாணவியை மதிக்கிறீர்களா, தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டசபையில் நின்றவரையா, எழுபதை நெருங்கும் வயதில் மருத்துவமனை கட்டியவரையா? மூன்றும் மூன்று முகம். இணையத்தில் முதலில் கிடைத்த படத்தை எடுக்காமல், நீங்கள் எதற்காக அவரை மதிக்கிறீர்களோ அந்த வயதை எடுங்கள். நானாக இருந்தால் கடைசியைத்தான் எடுப்பேன். மூக்குக்கண்ணாடியோடு வரைவதானால் பிரேமின் கீழ்ப்பாதியை மெலிதாக்குங்கள். இரண்டு பக்கமும் முழு வட்டமாகக் கனமாகப் போட்டால் கண்ணுக்குப் பதிலாகக் கண்ணாடிதான் தெரியும்.

கே. பி. சுந்தராம்பாள் கோட்டோவியக்காரருக்கு வைக்கும் சோதனை வேறு. 1933-ல் கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளைக் கதர்தான், நெற்றியில் திருநீறு. வெள்ளைத் தாளில் வெள்ளைச் சேலை, வெள்ளைத் திருநீறு. எப்படிக் காட்டுவது? திருநீற்றைச் சுற்றிக் கோடு போட்டால் நெற்றியில் கட்டுப்போட்ட மாதிரி ஆகிவிடும். நான் இரண்டு வழி முயன்று பார்த்தேன். முகம் முழுவதற்கும் ஒரே ஒரு மெல்லிய நிறத்தை, செம்மண் நிறமோ சந்தன நிறமோ, தட்டையாக நிரப்பிவிட்டுத் திருநீற்றுப் பட்டைகளை மட்டும் அதில் அழித்துவிடலாம். கீழே உள்ள தாள் வெள்ளை தெரியும். கறுப்புக் கோடு மட்டும்தான் என்று பிடிவாதமாக இருந்தால், நெற்றிச் சுருக்கக் கோடுகளை முதலில் போட்டு, பட்டை வரும் இடத்தில் அவற்றை அறுத்துவிட வேண்டும். கோடு நின்று மறுபடி தொடங்கும் இடைவெளியில் திருநீறு தானாகத் தெரியும். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

எம்.எஸ்.ஸுக்கு இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி. அதை வட்டமாகப் போட்டுக் கறுப்பால் நிரப்பினால் மரு ஆகிவிடும். வெள்ளையாக விட்டு, மூக்கோரக் கோட்டை அந்த இடத்தில் கொஞ்சம் உடைத்துவிடுங்கள். ஒளி பட்டுக் கோடு மறைந்த மாதிரி இருக்கும். தோட்டுக்கும் இதே வழிதான். முழு ஆரம், ஜரிகை என்று போகாதீர்கள். அவரை வரைகிற எல்லோரும் நகைக்கடை விளம்பரம் மாதிரி முடிப்பது இப்படித்தான்.

மனோரமா நம் பள்ளத்தூரில் வளர்ந்தவர், "ஆச்சி" என்ற பெயர் இந்த மண்ணிலிருந்து போனது. ஆயிரம் படத்துக்கு மேல் நடித்த முகம் என்பதால் ஸ்டில்கள் குவிந்துகிடக்கும். அதுதான் சிக்கலே. அவை எல்லாம் ஏதோ ஒரு பாத்திரத்தின் முகம். மேடையிலோ பேட்டியிலோ அவர் அவராகவே பேசிக்கொண்டிருக்கும் வீடியோவை ஓடவிட்டு, நடுநடுவே நிறுத்தி, ஒவ்வொன்றையும் அரை நிமிடத்தில் கிறுக்குங்கள். முப்பது நாற்பது கிறுக்கல் சேர்ந்தபின் எந்தக் கோடு எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். அதுதான் அவர்.

உங்கள் ஆயாவுக்குப் போட்டோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது சின்னதாகிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். வளவின், அதாவது வீட்டு முற்றத்தின், நடுவில் உட்காரவைக்காதீர்கள். வெளிச்சம் நேர் மேலேயிருந்து இறங்கிக் கண்குழி இருண்டுவிடும். தாழ்வாரத்துத் தூண் ஓரமாக, வளவைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள், காலை ஒன்பது மணி வாக்கில். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். எங்கே கோடு வேண்டும், எங்கே வேண்டாம் என்று அந்த வெளிச்சமே சொல்லிவிடும். "படம் எடுக்கிறேன்" என்று சொன்னதும் முகம் இறுகிவிடும், ஆகவே வெங்காயம் உரிக்கச் சொல்லிவிட்டு எடுங்கள்.

வேலு நாச்சியாருக்கு வருகிறேன். காளையார்கோவிலில் 1772-ல் கணவர் முத்துவடுகநாதரை இழந்து, திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் எட்டு வருடம் இருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டவர், 1796-ல் இறந்துவிட்டார். போட்டோ என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். ஆகவே நீங்கள் பார்த்திருக்கும் போட்டோ போன்ற படங்கள் எல்லாமே பிற்காலக் கற்பனை. கற்பனைக்குப் பலம் இருக்கிறது. ஔவையார் என்றதும் பலருக்கு 1953-ல் வந்த படத்தில் நடித்த சுந்தராம்பாளின் முகம்தானே மனத்தில் வருகிறது? அந்த முகத்தைக் கொடுத்தது ஒரு நடிகை. நாச்சியாருக்கு நீங்கள் கொடுக்கப்போகும் முகமும் அந்த மாதிரி யாருக்காவது நிலைத்துவிடலாம் என்ற பயத்தோடு வரையுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஒரு பெரிய கண், கூர்மூக்கு அழகியை நகலெடுக்க வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. முகமே காட்டாமல், பின்பக்கமாக, குதிரைமேல் முதுகும் கொண்டையும் வாள்பிடித்த கையும் மட்டும் நாலைந்து கோட்டில். இல்லையென்றால் சிவகங்கைச் சந்தையில் தினமும் பார்க்கும் ஐம்பது வயதுப் பெண்கள் சாயலில், வெயிலில் சுருங்கிய கண்ணோடு. நாட்டை மீட்கும்போது அவருக்கு வயது ஐம்பதுதான், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எப்படி வரைந்தாலும் ஓரத்தில் சின்னதாக "கற்பனைச் சித்திரம்" என்று போட்டுவிடுங்கள்.

அச்சுக்கு ஒரு குறிப்பு. 300 டிபிஐயில் 3 பிக்சல் கோடு கால் மில்லிமீட்டர் கனம். அதற்குக் கீழே மெலிந்த கோட்டை நம்பாதீர்கள். திரையில் பளிச்சென்று தெரியும், தாளில் காணாமல் போகும். ஒரு தடவை ஓர் அச்சகத்தில் கொடுத்து நூறு அட்டை வந்தபோது மணப்பெண்ணுக்குக் கீழ் இமையே இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, மாதிரி அடித்துப் பார்க்காதது என் தப்பு. நீங்கள் முதலில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏ4-ல் ஒன்று அடித்து, கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாக் கோடும் கறுப்பாகவே இருக்கட்டும், மங்கல் வேண்டுமென்றால் கோட்டை மெலிதாக்காமல் இடைவெளி விடுங்கள். கோப்பைப் பிடிஎப்பாகக் கொடுங்கள், லேயர் உள்ள மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் மார்கழிவரை அச்சகங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. உங்களுடையது சின்ன எண்ணிக்கை, காரைக்குடியிலேயே டிஜிட்டல் பிரிண்டில் எடுத்துவிடலாம். ஆனாலும் ஐப்பசிக்குள் கையில் கொடுத்துவிடுங்கள். மாதம் இரண்டு முகம் என்று வைத்தால் ஆறு மாதம் ஆகும். ஆயாவிலிருந்து தொடங்குங்கள், சரியில்லை என்றால் அவர் ஒருவர்தான் நேரில் சொல்லுவார்.